அடைப்புக்குறிக்குள் ஒரு குட்டு

நம் சங்கத்தின் சென்ற பொங்கல் மலரைப் படித்துவிட்டு அன்பர்கள் ஏழெட்டுப் பேர் எனக்குத் தொலைபேசி செய்தார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "வாசகர் கடிதம் பகுதியில் ஒரு கடிதத்தில் மட்டும் அங்கங்கே அடைப்புக்குறிக்குள் 'சிக்' 'சிக்' என்று போட்டிருக்கிறதே, அது என்ன சார்?" ஒருவர் அச்சகத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தாராம். இன்னொருவர் 'சிக்கனம்' என்பதன் சுருக்கமா என்று கேட்டார். நம் மலரின் விளம்பர வருமானத்தை அறிந்தவர் அவர். அப்படித் தோன்றியதில் தவறில்லை.

அந்தச் 'சிக்'கைப் போட்டவன் நான்தான். இந்த இதழுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். போட்டது சரியா என்ற கேள்வி ஓராண்டாக என் மாலை நடையில் கூடவே வந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஆசிரியர் குழுவிடம் நான்கு பக்கம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். கருத்து என்னுடையது, சங்கத்தைப் பொறுப்பாக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சொல். 'சிக்' என்பது இலத்தீன் மொழிச் சொல். 'இப்படி', 'இவ்வாறு' என்று பொருள். 'சிக் எராட் ஸ்கிரிப்டும்', அதாவது 'இப்படித்தான் எழுதியிருந்தது' என்று அதை விரித்துச் சொல்வார்கள். ஒருவர் எழுதியதை நாம் எடுத்து அச்சிடும்போது அதில் பிழையோ, நம்ப முடியாத ஏதோ ஒன்றோ இருந்தால், அந்தச் சொல்லை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இதைப் போடுவது ஆங்கில அச்சுலகின் வழக்கம். 'இது என் கை தவறி வந்த பிழையல்ல; மூலத்திலேயே இப்படித்தான் இருக்கிறது; நான் தொடவில்லை' என்று அச்சிடுகிறவர் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு அது. இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் 'ஆம்' என்பதற்கு 'சி' என்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்லின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கடிதத்தை முடிக்கும்போது 'இப்படிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஏறக்குறைய அதே சொல். 'மேலே உள்ளது உள்ளபடி நான் சொன்னது' என்ற அதே உறுதி. ஆனால் 'இப்படிக்கு' என்பதை எழுதியவரே தமக்குத் தாமே போட்டுக்கொள்கிறார். 'சிக்' அடுத்தவர் போடுவது. இந்த வேறுபாடு எனக்கு உறைக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1971-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஹயர் கிரேடு டைப்ரைட்டிங் சான்றிதழ், கரோல் பாக்கில் ஒரு முகவரி. நான்கு பேர் ஒரு பர்சாத்தியில் இருந்தோம். நம்மில் பலருடைய கதையும் அதுதான் என்பதால் விவரிக்கவில்லை. தீஸ் ஹசாரி நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு பஞ்சாபி வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நல்ல மனிதர், கோபக்காரர், காலையில் ஒரு பெரிய தம்ளர் லஸ்ஸி குடித்த பிறகுதான் பேசுவார்.

1973-இல் ஒரு குடக்கூலி வழக்கு வந்தது. குடியிருப்பவர் எங்கள் கட்சிக்காரர். வீட்டுக்காரர் தாக்கல் செய்த காகிதங்களில் ஒன்று, ஆறு மாதத்தில் காலி செய்துவிடுகிறேன் என்று எங்கள் கட்சிக்காரர் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட கடிதம். அவரோ, நான் அப்படி ஒன்றை எழுதவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கடிதத்துக்குப் படி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. மேலே தேதி 31 ஜூன் 1972 என்று இருந்தது. ஜூனில் ஏது முப்பத்தொன்று? யாரோ கவனக்குறைவாக எழுதிவிட்டார்கள், நாமாவது ஒழுங்காகச் செய்வோம் என்று 30 ஜூன் என்று அடித்து, நான்கு கார்பன் படிகளோடு மேசையில் வைத்தேன். பாராட்டுக்கூட எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

வக்கீல் மூலத்தையும் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, "ஜூன் மாதத்துக்கு எத்தனை நாள்?" என்றார்.

"முப்பது சார்."

"அப்படியானால் இந்த முப்பத்தொன்றாம் தேதியில் உட்கார்ந்து கடிதம் எழுதியவன் யார்?"

"தப்பாக எழுதிவிட்டார்கள் சார். நான் சரி செய்துவிட்டேன்."

"அந்தத் தப்புதான் தம்பி நம் வழக்கு," என்றார். அவர் குரல் உயரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இல்லாத நாள் வராது. பல மாதம் கழித்து ஜோடிக்கிறவனுக்குத்தான் வரும் என்பது அவர் வாதம். நான் அந்த ஓர் எழுத்தைத் திருத்தியதில் எங்கள் கட்சிக்காரரின் கூரையைப் பிரித்து எதிராளியிடம் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். ஐந்து படிகளையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன். 31 ஜூனுக்குப் பக்கத்தில் (சிக்) என்று போடச் சொன்னவர் அவர்தான். எங்கள் ரெமிங்டன் மெஷினில் சதுர அடைப்புக்குறி கிடையாது. புத்தகங்களில் சதுரக்குறியில் வரவேண்டியதை நாங்கள் வளைவுக்குறியில் போட்டோம். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. கட்சிக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

அதற்குப் பின் சேர்ந்த ஒரு சின்னப் பையன், நான் எழுதி வைத்திருந்த அந்தச் சொல்லை எழுத்துப்பிழை என்று நினைத்து, மனு முழுவதும் நோயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக, கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து அடித்து வைத்தான். வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வரிக்கு வரி உடம்பு சரியில்லையா?" என்றார். திருத்துகிற புத்தி நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதிலும் பரீட்சையில் தேறி ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

ஆக, சொல் எனக்கு வந்து சேர்ந்தது ஒரு நல்ல குருவிடமிருந்து, நல்ல காரியத்துக்காக. நீதிமன்றத் தீர்ப்புகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். சாட்சியம், புகார், பழைய பத்திரம் எதை எடுத்துக் காட்டினாலும் உள்ளது உள்ளபடி காட்டுவார்கள். நம் நாட்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் 'சிக்' என்று போட்டு, அதையடுத்து இருக்க வேண்டிய சொல்லையும் சேர்த்துப் போடும் வழக்கமும் உண்டு. படிக்கிறவருக்கு உதவி, மூலத்துக்கும் பங்கமில்லை.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாணயம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் ஓலையிலும் காகிதத்திலும் படி எடுத்தவர்கள், நூலின் கடைசியில் ஒரு வடமொழிச் சுலோகத்தைச் சேர்த்துவிட்டுப் போவது உண்டு. பார்த்ததைத்தான் எழுதினேன், சரியோ தப்போ பழியை என்மேல் போடாதீர்கள் என்ற கருத்தில் அமைந்தது. இன்னொரு சுலோகமும் உண்டு. முதுகும் இடுப்பும் கழுத்தும் ஒடியக் குனிந்து எழுதியிருக்கிறேன், பத்திரமாகக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுவது. முப்பத்தைந்து ஆண்டுகள் டைப்ரைட்டர் முன் குனிந்திருந்த எனக்கு இரண்டாவது இன்னும் நெருக்கம்.

நம் தமிழ் ஏடுகளில் சிக்கல் இன்னும் அதிகம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். 'எ'யும் 'ஏ'யும் ஒன்றுபோல் இருக்கும். ரகரமும் காலும் வேறுபாடின்றி நிற்கும். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் காட்டில் நுழைந்துதான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். புறநானூற்றைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுத்துச் சிதைந்த இடங்களில் புள்ளிப் புள்ளியாக விட்டிருக்கும். 267, 268ஆம் பாட்டுகளே கிடையாது. தமிழில் அவருக்கு இருந்த புலமைக்கு அந்த இடங்களை நிரப்பி எழுதியிருந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்போம்? புள்ளி வைத்தார். ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார். கல்வெட்டுப் பதிப்புகளிலும் இதே ஒழுங்குதான். 1890-இல் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். அந்த வகைப் பதிப்புகளில், கல்லில் உளி தவறி வெட்டியிருந்தால் அந்தத் தவறு மேலே பாடத்தில் அப்படியே இருக்கும். 'இவ்வாறு படிக்கவும்' என்ற திருத்தம் கீழே அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். வெட்டியவன் எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனாலும் நடுவில் புகுந்து அவனை இடைமறிக்கவில்லை.

இவ்வளவு மரியாதையான ஒரு வழக்கம் எங்கே கெட்டுப்போகிறது?

தெரியாதவர் கையில் கெட்டுப்போகிறது என்பது ஒன்று. என் மகள் பெயர் கீதா. நம் ஊர் வழக்கப்படி ஆங்கிலத்தில் 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' சேர்த்து எழுதுகிறோம். தகரத்துக்கும் டகரத்துக்கும் வேறுபாடு காட்ட நாம் கண்ட வழி அது. வடக்கே 'எச்' சேர்த்தால் அது வேறு எழுத்து. இந்தியில் எழுதும்போது அவள் பெயர் கனத்த ஒலியோடு வேறு யாரோ போல் ஆகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் அவள் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அவள் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டிய குறிப்பில், பெயருக்குப் பக்கத்திலேயே (சிக்) போட்டிருந்தார்கள். சொந்தப் பெயரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவள் என்று அர்த்தம். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அலுவலரைவிட அவளுக்கு இரண்டு மொழி கூடுதலாகத் தெரியும். நம் குடும்பங்களில் இனிஷியலை விரிக்கச் சொல்லி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக ஆகி, 'இரண்டு பெயரும் ஒருவரே' என்று அஃபிடவிட் கொடுக்காதவர்கள் குறைவு. நம் வழக்கத்தைப் பிழை என்று குறிப்பவர், தன் வழக்கத்தைச் சரி என்று வைத்துக்கொண்டுதான் குறிக்கிறார்.

பழைய எழுத்தும் அப்படித்தான். அமெரிக்காவின் புகழ்பெற்ற சுதந்திர மணியில் பென்சில்வேனியா மாநிலத்தின் பெயரில் நமக்குப் பழக்கமான இரண்டு 'என்'களில் ஒன்று இல்லை. அந்தக் காலத்தில் அப்படியும் எழுதுவது உண்டு. ஆகவே அது பிழையில்லை, 'சிக்'கும் தேவையில்லை. 1978-க்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகத்தில் லையும் னையும் துதிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஆண்டுதான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பெரியார் 1935-இலேயே தம் குடி அரசில் மாற்றிவிட்டார். 1970-இல் எழுதிய கடிதத்தில் 'மதராஸ்' என்று இருந்தால் அது மதராஸ்தான். சென்னை என்று அதிகாரபூர்வமாக ஆனது 1996-இல். தில்லி, டில்லி, டெல்லி என்று மூன்று விதமாக நம் இதழிலேயே வருகிறது. மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள், யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை, நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

இப்போது ஆங்கிலச் செய்தித் தளங்களில் புது வழக்கம் ஒன்று. நடிகரோ கிரிக்கெட் வீரரோ சமூக ஊடகத்தில் எழுதிய பத்து வரியை அப்படியே எடுத்துப் போட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே ஒரு (சிக்). எந்தச் சொல்லுக்கு என்று யாருக்கும் தெரியாது. 'இவருக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்கு வரும்' என்பதைத் தவிர அதில் செய்தி ஒன்றும் இல்லை. வாக்குக் கொடுக்க வந்த சொல் குட்டு வைக்கும் சொல்லாக மாறும் இடம் இதுதான்.

அந்தக் குட்டை நானும் வைத்தேன்.

கடிதம் எழுதியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள் இருக்கின்றன என்றாலும் எல்லோர் வீட்டுக்கும் அவை பக்கத்தில் இல்லை. அவள் படிக்கும் பள்ளியில் தமிழ் கிடையாது. அம்மாவிடம் கற்றுக்கொண்ட எழுத்து. முந்தைய இதழில் தில்லிக் குளிரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, தாளில் பென்சிலால் கோடு போட்டு, பதினான்கு வரி எழுதி அனுப்பியிருந்தாள். தாத்தா காலமான பிறகு கும்பகோணத்திலிருந்து பாட்டி வந்திருக்கிறாளாம். பாட்டிக்கு இந்தி தெரியாது. கீழ்வீட்டுப் பஞ்சாபிக் கிழவியை எல்லோரும் பீஜி என்பார்கள். பீஜிக்குத் தமிழ் தெரியாது. தினமும் காலை பதினொரு மணிக்கு இரண்டு பேரும் மாடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறார்கள். பாட்டி தமிழில் பேசுகிறாள், பீஜி பஞ்சாபியில் பேசுகிறாள், இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரிக்கிறார்கள். அது எப்படி என்று தனக்குப் புரியவில்லை என்று முடித்திருந்தாள்.

படித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு சொல்லும் மாற்றாமல் போடுவோம், குழந்தையின் குரல் குழந்தையின் குரலாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் சரி. அப்புறம் பயம் வந்தது. 'ஆள்' என்பதற்கு 'ஆல்', 'உரிக்கிறார்கள்' என்பதற்கு 'உறிக்கிறார்கள்', 'மொழி' என்பதற்கு 'மொளி'. இதையெல்லாம் பார்த்துவிட்டு, மெய்ப்புப் பார்ப்பவன் தூங்கிவிட்டான் என்று சொல்வார்களே! என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, பதினான்கு வரியில் பதினோரு இடத்தில் (சிக்) போட்டேன். வக்கீல் கற்றுக்கொடுத்த நேர்மை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன்.

மலர் வந்த பிறகு தொலைபேசியில் கேட்டவர்கள் அத்தனை பேரும் 'சிக்' பற்றித்தான் கேட்டார்கள். அந்த இரண்டு கிழவிகளைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. 'பாட்டிக்குப் பேச ஆல் இல்லை' என்ற வரியைச் சொல்லி, "அரசு வேண்டுமானால் இருக்கிறதே" என்று ஒருவர் ஹாஸ்யம் செய்தார். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொங்கல் விழாவில் அந்தப் பெண்ணின் தாயார் பாயசத் தொன்னையோடு என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "மாமா, நீங்க அவளைத் திருத்தியிருக்கலாம். இல்லேன்னா அப்படியே விட்டிருக்கலாம். ரெண்டும் இல்லாம இப்படிப் பதினோரு தடவை குட்டியிருக்க வேண்டாம். இனிமே இந்தியிலேயே எழுதறேன்னு சொல்றா."

எனக்குப் பதில் வரவில்லை.

நம் சங்கத்தில் தமிழ் வகுப்பு எடுக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "நீர் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. பிழையைச் சுட்டாவிட்டால் எப்படிக் கற்றுக்கொள்வாள்? ரகசியமாகத் திருத்தி அச்சிட்டால் அது பொய். 31 ஜூனை 30 ஆக்கிய அதே தப்புத்தானே?" என்றார். நல்ல கேள்வி. பல நாள் யோசித்தேன்.

அதே தப்பு அல்ல என்பது என் முடிவு. வீட்டுக்காரரின் கடிதம் சாட்சிக் கூண்டில் நின்றது. அதன் ஒவ்வொரு கீறலும் வழக்குக்கு வேண்டும். கல்வெட்டும் ஏடும் அப்படியே. எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அந்தப் பெண்ணோ சாட்சி சொல்ல வரவில்லை. நம் இதழுக்கு விருந்தாளியாக வந்தாள். அவள் சொல்ல வந்தது லகர ளகரம் அல்ல, பாட்டியையும் பீஜியையும். நம் சங்கத் தலைவரின் உரைகளில் நான் ஆண்டுதோறும் எத்தனை ஒற்றுப்பிழைகளைத் திருத்துகிறேன் என்பது எனக்கும் அச்சகத்துக்கும் மட்டுமே தெரியும். தலைவர் மன்னிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஒருமுறையாவது அவர் உரையில் (சிக்) போட்டேனா? பெரியவருக்குச் சத்தமில்லாமல் திருத்தம், சின்னவளுக்கு ஊரறியக் குட்டு என்றால் அதற்கு நேர்மை என்று பேர் வைக்க முடியாது. கற்றுக்கொடுப்பது நம் கடமை என்றால் ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுக்கலாம். வகுப்பறையில் செய்ய வேண்டியதை அச்சுப் பக்கத்தில் செய்யக்கூடாது.

ஆகவே ஆசிரியர் குழுவுக்கு என் வேண்டுகோள்: பழைய ஆவணம், நீதிமன்றத் தீர்ப்பு, அரசாணை, காலமானவர்களின் கடிதம் இவற்றை வெளியிடும்போது ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். வாசகர் தடுமாறுவார் என்று தோன்றும் இடத்தில் மட்டும் 'மூலத்தில் உள்ளபடி' என்று தமிழிலேயே குறிப்புப் போடுவோம். இலத்தீன் வேண்டியதில்லை, சிக்கனமா என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். நம் பிள்ளைகள் எழுதி அனுப்புவதைத் திருத்தியே போடுவோம். மாற்றுக் கருத்துச் சொல்லி எழுதும் அன்பர்களின் கடிதத்துக்கும் அப்படித்தான். எதிர்வாதம் செய்கிறவரின் ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டி வாதத்தில் ஜெயிக்கும் வேலை நமக்கு வேண்டாம். அந்த ஆசை எனக்கும் வந்திருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

ஆனால் எது பிழை என்பதில் நானும் ஒரு பாடம் படிக்க வேண்டியிருந்தது. நான் போட்ட பதினோரு குட்டில் ஒன்று 'தூப்பில்' என்ற சொல்லுக்கு. 'பாட்டி தினமும் தூப்பில் உட்காருவாள்' என்று எழுதியிருந்தாள். இந்திச் சொல்லைக் கலந்துவிட்டாளே என்று போட்டது. தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்கள், பாட்டி சாம்பிராணிப் புகையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்கக்கூடும்.

இந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவளே வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, தூப்புக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள்.

"வெயில்," என்றேன்.

"வெயில்னா ஜூன்ல வர்றதுதானே? அதுல யாராவது உக்காருவாங்களா?"

எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். இளவெயில் என்று ஒன்று இருக்கிறது. அது காலையில் கொஞ்ச நேரம். வெயில் காய்வது என்று நம் ஊரிலும் மார்கழியில் சொல்வார்கள். ஆனால் ஜனவரி மாதம் பத்து நாள் மூடுபனிக்குப் பிறகு ஒரு நாள் பதினொரு மணிக்கு மாடியில் வந்து விழுமே, ஆரஞ்சுச் சுளையும் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியும் பட்டாணித் தோலுமாக ஒரு தெரு முழுவதும் வெளியே வந்து உட்காருமே, அதற்கு என்ன சொல்வது? ஐம்பது ஆண்டுகளாக என் வீட்டிலும் "தூப் வந்தாச்சு, நாற்காலியை எடுத்துப் போடு" என்றுதான் சொல்கிறோம். ஒரு நாளும் அது எனக்குப் பிழையாகக் காதில் விழுந்ததில்லை. அச்சில் வந்தபோதுதான் விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் அப்பா ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் குளிருக்குப் பாட்டி வரவில்லையாம், முழங்கால் வலி. பீஜி தினமும் மாடிப்படியில் நின்று கையால் ஜாடை காட்டி விசாரிக்கிறாளாம். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். இதே மலரில் வருகிறது. பதினேழு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்திவிட்டேன்; எவை, ஏன் என்று ஒரு தாளில் எழுதி அவளுக்குத் தனியாக அனுப்பினேன். அதில் இரண்டு திருத்தம் தப்பு என்று அவள் அம்மா போன் செய்து சொன்னாள், பார்த்தேன், அம்மா சொன்னதுதான் சரி. தலைப்பு 'தூப்' என்று கொடுத்திருந்தாள். அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.